நிற்கிற வண்டியில் எடுத்த அளவு

என் தம்பி செயின் கவர் மாட்டுகிறவன். நான் ஜீன்ஸ் பேன்ட்டுக்குப் பாட்டம் மடிக்கிறவள். வெளியில் யாராவது கேட்டால் அவன் பைக் கம்பெனியில் இருக்கிறான், நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வோம். கேட்பவர்கள் அவன் பைக் செய்கிறான், நான் ஜீன்ஸ் தைக்கிறேன் என்று எடுத்துக்கொள்வார்கள். நாங்களும் திருத்த மாட்டோம். உண்மையில் ஒரகடத்தில் அவன் நிற்கும் இடத்துக்கு வண்டி வரும்போது இன்ஜின், சக்கரம், செயின் எல்லாம் ஏறியிருக்கும். அவன் கவரை வைத்து, ஸ்க்ரூவை முடுக்கி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி அனுப்ப வேண்டும். தட்டி முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். எனக்குத் தாம்பரம் பக்கத்தில் வேலை. பேன்ட் என் மெஷினுக்கு வரும்போது இடுப்பு, பாக்கெட், ஜிப் எல்லாம் முடிந்திருக்கும். இடது கால் ஒரு சுற்று, வலது கால் ஒரு சுற்று, தூக்கிப் போடு, அடுத்தது. ஒன்பது வருடத்தில் ஒரு பேன்ட்டின் இடுப்பை நான் கம்பெனியில் தைத்ததில்லை.

சேரப்பணஞ்சேரியில் எங்களுக்குச் சொந்த வீடு. நிலம் இல்லை. அது ரோட்டுக்குக் கொஞ்சம், குடோனுக்குக் கொஞ்சம் என்று போய்விட்டது. அப்பாவும் போய்விட்டார். நான் கல்யாணமாகிப் போய் இரண்டே வருடத்தில் திரும்பி வந்தவள். கொண்டுபோன சீரில் என்னோடு திரும்பியது தையல் மெஷின் ஒன்றுதான். அம்மா, தம்பி, நான், மெஷின். எங்கள் குடும்பம் அவ்வளவுதான்.

தம்பி நாலு வருடமாகக் கான்ட்ராக்ட். அவன் கூடச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் சலித்துப்போய் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். இவன் பிடிவாதமாக நின்றான். ஒரு நாள் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி சொன்னான்.

"லிஸ்ட்ல பேரு வந்துட்சிக்கா."

பர்மனென்ட் லிஸ்ட். இனி மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி. கண்ணைப் பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார்கள், குந்தி எழச் சொல்வார்கள். அதற்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அம்மா உடனே வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். எங்கள் தெருவில் பைக் கம்பெனியில் பர்மனென்ட் ஆனவன் ஒருவன்தான் இருந்தான். அவன் வீட்டு வாசலில் கிரானைட் போட்டிருந்ததை அம்மா தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவன் மட்டும் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தான்.

"இன்னாடா, மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற?"

"பர்மனென்ட் ஆனா முடி நரைக்கிற வரிக்கும் இந்த கவர மாட்டிகினே கெடக்கணும்க்கா."

"மாட்டினா இன்னா? சோறு போடுதில்ல?"

"போடுது. யாரு இல்லன்னா. அதுக்குள்ள ஒரே ஒரு வண்டி. மொத்தமா நானே செய்யணும்."

எனக்குக் கோபம் வந்தது. பெயர் வருகிறதா வருகிறதா என்று நாலு வருடம் வீடே காத்துக் கிடந்தது, வந்ததும் துரைக்கு வண்டி செய்ய ஆசை. ஆனால் அந்தக் கோபம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. ஏனென்றால் அவன் சொன்னது என் வயிற்றுக்குள்ளும் இருந்தது. நான் வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரகடத்தில் லாரி குறைந்திருக்கும். அப்போது சர்வீஸ் ரோட்டில் பையன்கள் வரிசையாக வண்டியை நிறுத்தி வைப்பார்கள். சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் தென்மாவட்டத்துக்காரர்கள்தான் அதில் அதிகம். ஒவ்வொரு வண்டியும் வாங்கியபோது இருந்த உருவத்தில் இருக்காது. ஒன்றுக்கு ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்பாக இருக்கும், ஒன்றுக்குப் பின்பாதியே இருக்காது. ஒருவர் வண்டியை ஒருவர் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். வாரம் முழுக்க யூனிஃபார்மில் ஒரே மாதிரி இருந்தவர்களுக்கு அன்று ஒரு நாள் ஆளுக்கொரு முகம். அந்த வரிசையில் ஒரு தடவை நிற்க வேண்டும் என்பதுதான் இவன் ஆசை.

அவனிடம் பழைய நூறு சிசி வண்டி ஒன்று இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இடத்தில் அதைப் பிரித்துப் பரப்பினான். அதே வாரம், மெடிக்கலுக்குப் போட்டுக்கொண்டு போகட்டும் என்று அவனுக்குப் பேன்ட் தைக்க நான் ஜீன்ஸ் கட் பீஸ் வாங்கி வந்தேன். சலவை பார்க்காத துணி, அட்டை மாதிரி விறைப்பு, கறுப்பா நீலமா என்று தெரியாத நிறம். அவன் கிரீஸ் கையைத் துடைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"டேங்குக்கு இந்த கலரு அடிக்கலாமாக்கா?"

"அடி. எனக்கு இன்னா."

"அப்போ நீ இன்னா பண்ற, டேங்க பார்த்து பேன்ட்ட தை. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒறவு மாதிரி இருக்கணும்."

விளையாட்டாக ஆரம்பித்ததுதான். இரண்டாம் வாரத்தில் எங்களுக்குச் சோறு தண்ணி நினைப்பில்லை. அவன் டேங்குக்கு அந்த நீலத்தைப் பளபளப்பில்லாமல் அடித்தான். ஜீன்ஸ் எங்கே வெளுக்கும் என்று கேட்டான். எங்கள் கம்பெனியில் புதுப் பேன்ட்டைப் பழசாக்குவதற்கென்றே ஒரு செக்‌ஷன் இருக்கிறது, அங்கே உப்புத்தாளால் தொடைப் பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைப்பார்கள், அங்கே இருப்பவர்கள் தும்மினால்கூட நீலமாக வரும் என்றேன். அவனும் உப்புத்தாளை எடுத்து, ஓட்டுகிறவன் தொடை படும் இடத்தில் டேங்கைத் தேய்த்தான். பத்து வருடம் யாரோ கட்டிப்பிடித்து ஓட்டிய வண்டி மாதிரி ஆகிவிட்டது. மிச்சத் துணியில் நான் சீட் தைத்துக் கொடுத்தேன்.

பதிலுக்கு இன்ஜினில் பட்டை பட்டையாக இருக்குமே, அதைப் பார்த்து நான் பேன்ட்டின் முட்டியில் குறுக்கு மடிப்புகள் வைத்தேன். காலை மடக்கினால் விரியும், நீட்டினால் மூடிக்கொள்ளும். அதைப் போட்டுப் பார்த்துவிட்டு அவன் கால் வைக்கும் கம்பியை நாலு விரல் பின்னால் தள்ளி வைத்தான். முட்டி நன்றாக மடங்கினால்தானே மடிப்பு விரிந்து தெரியும் என்றான். எனக்குப் பெருமை பொங்கியது. என் தையலுக்காக ஒருவன் இரும்பை வெட்டி ஒட்டுகிறான். கட்டிக்கொண்டவன் எனக்காக ஒரு தம்ளரைக்கூட நகர்த்தி வைத்ததில்லை.

இந்த மாதிரி வேலை செய்கிறவர்கள் முதலில் கழற்றுவது சேலை கார்டைத்தான். பெண்கள் ஒரு பக்கமாக உட்காரும்போது புடவை சக்கரத்தில் சிக்காமல் இருக்க வைத்திருக்கும் கம்பி வலை அது. அழகைக் கெடுக்கிறதாம். இவனும் கழற்றினான். அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இத்த கழட்டிட்டா நான் எப்டிடா குந்தறது? பொடவ மாட்டிக்காது?"

"நீ ஆட்டோல வாம்மா" என்றான். நானும் சிரித்தேன். ஐந்து வாரத்தில் அந்த வண்டியைப் பற்றி உருப்படியான கேள்வி கேட்டது அம்மா மட்டும்தான்.

அடுத்து செயின் கவர். பேன்ட்டின் பக்கவாட்டில் மேலிருந்து கீழே நான் தங்க நிற நூலில் இரட்டைத் தையல் போட்டிருந்தேன். அதைப் பார்த்ததும் அவனுக்கு வண்டியிலும் அப்படி ஒரு கோடு வேண்டும் என்று தோன்றிவிட்டது. தங்க நிறத்தில் செயின் வாங்கி வந்தான். அது தெரிய வேண்டுமானால் கவர் இருக்கக் கூடாது.

"கவர் இல்லாமயா ஓட்டுவ?" என்று நான் ஒரு தடவை கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே எழுதிக்கொள்கிறேன்.

"நாள் முச்சூடும் மூடிகினே கீறேன். என் வண்டிலயாச்சும் தெறந்து கெடக்கட்டுமேக்கா."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கழற்றிய கவர் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் கிடந்தது. பாத்திரம் கழுவும்போதெல்லாம் கண்ணில் படும். அதன் உருவத்தைத் தனியாகப் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. முன்னால் வட்டமாக ஆரம்பித்து, நீண்டு, பின்னால் போகப் போகக் குறுகி ஒரு வால். வண்டியில் இல்லாமல் போனது பேன்ட்டில் இருக்கட்டும் என்று நினைத்தேன். காகிதத்தில் வைத்து வரைந்து, அளவைக் குறைத்து, துணியை இரண்டடுக்காக வெட்டி, இடது காலின் பாட்டத்தைச் சுற்றி ஒரு பட்டையாக வைத்துத் தைத்தேன். வால் மட்டும் குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் நீளத்துக்கு ஒட்டாமல் நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் மடித்து ஒட்டியிருக்கலாம். ஒட்டினால் கவர் மாதிரி இல்லை.

ஒன்பது வருடம் நான் தைத்த பாட்டமெல்லாம் என்னுடையது இல்லை. கம்பெனி மெஷின் போடும் தையல் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று கடைசிவரை பிரிந்துவிடும் ரகம். அது எனக்கு எப்போதும் ஒரு குறை. என் தம்பியின் பேன்ட்டில் அப்படி இருக்கக் கூடாது என்று, பட்டையைக் காலோடு சேர்த்து மூன்று வரிசைத் தையல் போட்டேன். அட்டைப்பெட்டி கட்டுகிற அளவுக்குக் கெட்டியான நூல். ஊசி இரண்டு உடைந்தது. முடித்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. அன்று நான் சந்தோஷமாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை அளவு பார்த்தோம். நல்ல தையல்காரியாக நான் அவனை நிற்க வைத்து அளவு பார்க்கவில்லை. வண்டியின்மேல் உட்கார வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்தால் பேன்ட் மேலே ஏறும், கணுக்கால் தெரியும், அதற்காகத்தான் நீளத்தைக் கூட்டியே வைத்திருந்தேன். நடு ஸ்டாண்டில் வண்டி அசையாமல் நின்றது. அவன் கம்பியில் காலை வைத்தான். வால் செயினுக்கு ஒரு கட்டை விரல் தள்ளி நின்றது. தங்க நூலும் தங்கச் செயினும் ஒரே கோட்டில் வந்தன. எழுந்து நின்று தள்ளிப் போய்ப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கம்பெனில இத்த போட்டுகினு போனா கேட்லயே நிறுத்திடுவான்" என்று அவன் சிரித்தான். தொங்கும் துணி போட்டுக்கொண்டு மெஷின் பக்கம் வராதே என்று அவன் கம்பெனியிலும் போர்டு உண்டு, என் கம்பெனியிலும் உண்டு. இரண்டு பேரும் தினமும் அதன் கீழேதான் நடந்து போகிறோம். செயின் கவரே வேலையாக இருப்பவன் அவன், பாட்டமே வேலையாக இருப்பவள் நான். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த இடம் உலகத்தில் செயினும் பாட்டமும் சேரும் அந்த நாலு விரல்தான். அதை இரண்டு பேரும் பார்த்தோம். வண்டி நின்றுகொண்டிருந்தது, செயினும் நின்றுகொண்டிருந்தது. அழகாக இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

புதுத் துணி என்பதால் அம்மா மஞ்சளைக் குழைத்து வந்து பட்டையின் ஓரத்தில் உள்பக்கமாகத் தொட்டு வைத்தாள்.

மறுநாள் ஞாயிறு. புதன்கிழமை மெடிக்கல். முதலில் வல்லக்கோட்டையில் வண்டிக்குப் பூஜை போட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிவிட்டு, அங்கிருந்து நேராக ஒரகடம் வரிசைக்குப் போவது என்று திட்டம். அம்மா தேங்காய், மாலை, பழத்தோடு ஷேர் ஆட்டோவில் முன்னாலேயே போய்விட்டாள். நான் சுடிதார் போட்டுக்கொண்டு அவன் பின்னால் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தேன். கோயிலுக்குப் போகிறோம் என்று அவன் செருப்புதான் போட்டிருந்தான். இரும்பு மூக்கு வைத்த கம்பெனி ஷூ வீட்டில் கிடந்தது.

நன்றாகத்தான் ஓடியது. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் கை காட்டினான். தம்பி முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். அவனுக்கு மீசை வந்த நாளிலிருந்து அப்படி ஒரு முதுகை நான் பார்த்ததில்லை.

கோயிலுக்குத் திரும்பும் இடத்தில் வேகத்தடை. முன்னால் ஒரு ஆட்டோ நின்றது. இவன் வேகத்தைக் குறைத்து, இடது காலைத் தரையில் ஊன்றினான். ஆட்டோ நகர்ந்தது. இவனும் நகர்த்திக்கொண்டே காலைத் தூக்கி, பின்னால் தள்ளி வைத்த அந்தக் கம்பியில் வைத்தான். வைக்கும்போது குதிகால் செயினை ஒட்டிப் போனது. ஓடுகிற செயினின் கீழ்ப்பக்கம் பின்னால்தான் இழுக்கும். வாலைப் பிடித்தது, பட்டையைப் பிடித்தது, பாதத்தைத் திருகி விரல் பக்கத்தைப் பல்சக்கரத்துக்குள் கொண்டுபோனது. வண்டி ஒரு குலுங்கலோடு நின்று இடப்பக்கம் சாய்ந்தது. நான் தூக்கி எறியப்படவில்லை. இறங்கி நின்றேன், அவ்வளவுதான். எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை.

அவன் கத்தவில்லை. "அக்கா, துணிய இழு. துணி கிழிஞ்சா கால் வந்துரும்" என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

நான் இழுத்தேன். இரண்டு கையாலும், காலை வண்டியில் உதைத்து வைத்துக்கொண்டு இழுத்தேன். மூன்று வரிசைத் தையல். ஒரு இழைகூட விடவில்லை. பல்லால் கடித்தேன். பூக்கடைக்காரர் மாலை நூல் அறுக்கும் கத்தியோடு ஓடி வந்து அறுத்தார். அந்தக் கத்தியும் வழுக்கியது. "யாரும்மா இப்டி தச்சி வெச்சது" என்று அவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அறுபடவில்லையே என்ற பதற்றத்தில் கேட்டார்.

சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரகடத்துக்குப் போகிற வழியில் நின்ற பைக் பையன்களும் இருந்தார்கள். ஓடி வந்து வண்டியைத் தூக்கிப் பிடித்ததும் அவர்கள்தான், போனை நீட்டிப் படம் எடுத்ததும் அவர்களில் சிலர்தான். அவன் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. வண்டியும் பேன்ட்டும் ஒன்றாக ஒரே படத்தில் வந்துவிட்டன.

அம்மா கையில் நாலு எலுமிச்சம்பழத்தோடு கோயில் வாசலில் நின்றிருந்தாள். கூட்டத்தைப் பார்த்து யாருக்கோ என்னவோ என்று அங்கிருந்தே கும்பிட்டதாகப் பிறகு சொன்னாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இடது பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள். விரல்கள் போய்விட்டன. குதிகால் இருக்கிறது, நடக்கலாம், ஆனால் சாய்ந்துதான் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு அவர் சொன்னதில் பாதி காதில் ஏறவில்லை. ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார்கள், குந்தி எழச் சொல்வார்கள் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. புதன்கிழமை வந்தது. வார்டில் அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான். பதினொரு மணிக்கு, "இந்நேரம் என்ன கூப்டிருப்பாங்க" என்றான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டூட்டியில் நடந்த விபத்து இல்லை, கான்ட்ராக்ட் ஆள் வேறு. கம்பெனி செய்ய ஒன்றுமில்லை. கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர் ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான். தயங்கித் தயங்கி ஐடி கார்டு, யூனிஃபார்ம், ஷூ எல்லாம் திருப்பித் தர வேண்டும் என்றார். அம்மா ஷூவை எடுத்து வந்தாள். இரண்டையும் துடைத்து எடுத்து வந்தாள். அவர் வாங்கும்போது முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார். அவன் நின்ற இடத்தில் வேறொருவன் கவர் மாட்டுவதாகக் கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். லைன் அவனுக்காக ஒரு நிமிடம்கூட நின்றிருக்காது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையில் பேன்ட் இருந்தது. இடது காலைத் தொடைவரை கத்தரியால் வெட்டியிருந்தார்கள். வாலும் பட்டையில் பாதியும் செயினோடு போயிருந்தன. அதுகூடக் கத்தி அறுத்த இடம், தையல் விட்ட இடம் இல்லை. மிச்சம் அப்படியே காலோடு ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் அம்மா வைத்த மஞ்சளும் இருந்தது. எரித்துவிடலாம் என்றாள் அம்மா. எனக்கு அதைப் பிரிக்க வேண்டும் என்று ஒரு வெறி. பின்கட்டில் உட்கார்ந்து, தையல் பிரிக்கும் முள்ளை எடுத்து, ஒவ்வொரு கண்ணாக எடுத்தேன். மத்தியானம் ஆரம்பித்தது, வெயில் இறங்கும்வரை ஒரு வரிசைதான் ஆனது. அவன் கட்டிலில் காலை நீட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வுடுக்கா. நல்லாத்தான் தச்சிருக்க."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், ஏதாவது ஆகியிருக்கும். அவன் உண்மையாகவே என் தையலைப் பாராட்டினான். நான் மோசமாகத் தைத்திருந்தால் அவன் இன்று பர்மனென்ட். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

கம்பெனியில் எனக்குக் கை கெட்டுப் போனது. பாட்டத்தை மடித்துச் சுற்றி வரும்போது கடைசியில் ரிவர்ஸ் அடித்து நூலை இறுக்க வேண்டும். அந்த இடத்தில் கை தானாகத் தளர்ந்துவிடும். யார் காலோ, எந்த ஊரோ, எந்த வண்டியோ. பீஸ் திரும்பித் திரும்பி வந்தது. சூப்பர்வைசர் இரண்டு வாரம் கத்திவிட்டு என்னைப் பட்டன் செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார். அங்கே பாதம் கண்ணில் படாது என்பதால் நான் சண்டை போடவில்லை.

வண்டி வீட்டுக்குப் பின்னால் படுதா போட்டு நின்றது. அவன் குச்சி ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள் படுதாவை எடுத்தான். தரையில் உட்கார்ந்து, பழைய கறுப்புச் செயினைத் திருப்பிப் போட்டான். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் கிடந்த கவரைக் கழுவி எடுத்து வந்து வைத்தான். ஸ்க்ரூவை முடுக்கினான். உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான். அவ்வளவு வேகமாக அவன் கை அந்த வேலையைச் செய்வதை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். நாலு வருடம் அவன் என்ன செய்தான் என்று அன்றுதான் தெரிந்தது. முடித்துவிட்டு, "வித்துடலாம்" என்றான்.

வாங்க வந்தவன் சுங்குவார்சத்திரத்தில் தங்கியிருக்கும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. வண்டியைப் பார்த்ததும் அவனுக்குக் கண் விரிந்தது. டேங்கைத் தடவினான், சீட்டைத் தடவினான், யார் செய்தது என்று கேட்டான். எல்லாம் பேசி முடித்த பிறகு குனிந்து பார்த்தான்.

"அண்ணே, இந்தக் கவர மட்டும் கழட்டிக் குடுத்துருங்க. இது கெடந்தா பாக்கதுக்கு அம்சமா இல்ல."

தம்பி குச்சியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தான். "கவரோட எடுக்கறதுன்னா எடு. இல்லன்னா வேணாம்."

அவனுக்குத் தம்பியின் கால் தெரிந்திருக்கும். தெரிந்தும் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. நாங்களே பார்க்கவில்லை, அவன் எப்படிப் பார்ப்பான்.

"சரிண்ணே, அப்படியே குடுங்க. நான் ரூமுல போயிக் கழட்டிக்கிடுதேன்."

தம்பி காலைக் காட்டி, நடந்ததைச் சொன்னான். வந்தவன் கேட்டான், பரிதாபப்பட்டான், "ஐயோ" என்றான். ஆனால் தம்பி சொல்லும்போதே அவன் கண் வண்டியின் டேங்கில்தான் இருந்தது. தம்பி சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான். வாங்க வந்தவன் வண்டியில் உட்கார்ந்து காலைக் கம்பியில் வைத்தான். நான் அவன் பாட்டத்தைப் பார்த்தேன். நீளமான ஜீன்ஸ், குதிகாலில் மிதிபட்டுக் கிழிந்து நூல்நூலாகத் தொங்கியது.

"கொஞ்சம் இரு" என்றேன். உள்ளே போய்க் கத்தரியும் ஊசியும் எடுத்து வந்து அவன் காலடியில் மண்டி போட்டேன்.

"என்னக்கா செய்யுதிய, எந்திரிங்க."

"சும்மா இரு."

தொங்கியதையெல்லாம் வெட்டினேன். கணுக்கால் தெரியும் அளவுக்கு உள்பக்கமாக மடித்தேன். நூல் கோக்கும்போது கை நின்றுவிட்டது. கெட்டி நூலில் தைத்தால் மடிப்பு நிற்கும், சிக்கினால் விடாது. சாதா நூலில் தைத்தால் சிக்கினால் அறுந்துவிடும், ஆனால் இரண்டு சலவையில் அவிழ்ந்து மறுபடி தொங்கும். ஒன்பது வருடம் இதே வேலை பார்த்தவளுக்கு எது சரி என்று தெரியவில்லை. அவன் கூச்சத்தில் நெளிந்துகொண்டிருந்தான். கடைசியில் சாதா நூலில் தைத்துக் கொடுத்தேன். அவன் சிரித்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

பத்து நாள் கழித்துக் கம்பெனி பஸ்ஸில் வரும்போது படப்பை சிக்னலில் அந்த வண்டியைப் பார்த்தேன். டேங்கின் நீலத்தை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. கவர் இல்லை. அவன் புதுச் செயின் போட்டிருந்தான், வெள்ளி நிறம், வெயிலில் மின்னியது. மடிப்பு நிற்கிறதா என்று ஜன்னலில் எட்டிப் பார்ப்பதற்குள் பஸ் அவனைத் தாண்டிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் தம்பி தினமும் கேட்பது போலக் கேட்டான்.

"வண்டிய எங்கனா பார்த்தியாக்கா?"

"பார்த்தேன்."

"கவர் கீதா?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். "கீது" என்றேன்.